பீரோவிடம் மறைத்த கசிவு

விடியற்காலையில் அவள் கை தற்செயலாகத்தான் அங்கே போனது. கணவர் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். விலகிக் கிடந்த போர்வையை இழுத்துவிடப் போனவள், தொப்புளுக்குச் சற்று மேலே கை பட்டதும் அப்படியே நின்றாள். உள்ளங்கைக்குக் கீழே ஏதோ துடித்தது. கையை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தாள். மூச்சுக்கு வயிறு ஏறி இறங்குவது வேறு. இது உள்ளே யாரோ விடாமல் கதவைத் தட்டுவது.

அந்தத் துடிப்பை அவளுக்கு முன்பே தெரியும். மூன்று வருடத்துக்கு முன்பு இதே இடத்தில், இதே மாதிரி. அப்போது இருவரும் வாயு என்று சொல்லிச் சிரித்தார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். இதயத்திலிருந்து வயிற்றுக்குள் இறங்கும் பெரிய ரத்தக் குழாய் ஓரிடத்தில் பலூனாக உப்பியிருந்தது. தொடை வழியாகக் கம்பியைச் செலுத்தி, உப்பிய இடத்துக்குள் துணி போர்த்த வலைக் குழாய் ஒன்றைப் பொருத்தினார்கள். ஸ்டென்ட் என்றார்கள். ரத்தம் இனிமேல் புதுக் குழாய்க்குள்ளேயே ஓடும், வெளியே இருக்கும் பழைய வீக்கம் வேலையற்றுக் கிடந்து மெல்லச் சுருங்கும் என்றார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் திருட்டுத்தனமாகக் கையை வைத்துப் பார்த்தாள். துடிப்பு அடங்கியிருந்தது.

இப்போது திரும்பி வந்துவிட்டது. அதற்கு என்ன பொருள் என்று அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். படுத்திருந்தவருக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டதே அவள்தான்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள், "கொஞ்சம் தனியா வாங்க" என்று டாக்டர் அவளையும் கணவரின் அண்ணனையும் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். வைத்த குழாய் நன்றாக இருக்கிறது, ஆனால் ஓரத்தில் எங்காவது ரத்தம் பழைய வீக்கத்துக்குள் கசியலாம் என்றார். கசிந்தால் வலிக்காது, ஆளுக்குத் தெரியவே தெரியாது, சி.டி. ஸ்கேன் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். ஆகவே உயிரோடு இருக்கும்வரை வருடா வருடம் வர வேண்டும் என்றார். வராவிட்டால் வீக்கம் வளர்ந்து ஒருநாள் வெடிக்கும். நோயாளியிடம் அவர் சொல்லவில்லை, இவர்கள் சொல்லிவிடுவார்கள் என்று விட்டுவிட்டார். திரும்பி நடக்கையில் அண்ணன் அவள் தோளைத் தொடாத குறையாகச் சொன்னார்: "இதையெல்லாம் அவன் காதுல போடாதம்மா. தைரியமா இருந்தாதான் உடம்பு தேறும். பூரணமா குணமாயிடுச்சுன்னு சொல்லிடு."

அவள் சொல்லிவிட்டாள். அவர்கள் குடும்பத்தில் அதுதான் வழக்கம். யாருக்காவது பெரிய நோய் வந்தால் அது சம்பந்திக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும். நோய் வந்த ஆளுக்கு மட்டும் தெரியாது.

முதல் வருடம், "டாக்டருக்கு உங்களை ஒருதரம் பாக்கணுமாம்" என்று கூட்டிப் போனாள். படம் சுத்தமாக வந்தது. அடுத்த வருடம் அவர் சிரித்தார். "குணமானவனுக்கு எதுக்குடி ஸ்கேன்? மாடிக்கு ஒரு பீரோவ ஏத்திப் பாத்தா தெரிஞ்சிடாதா?" குணமாகவில்லை என்று சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அவள் சொல்லவில்லை. அதற்கடுத்த வருடம் அவள் கேட்கக்கூட இல்லை. வலி இல்லையே, துடிப்பு இல்லையே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பீரோ என்றுதான் ஊரில் அவருக்கே பெயர். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் கோஷ்டிக்குத் தலைவர். இரும்பு பீரோவைப் பட்டையில் கட்டி முதுகில் ஏற்றினால், ஆள் நடக்கிறாரா பீரோ நடக்கிறதா என்று தெரியாது.

அவர் எழுந்து பல் தேய்க்கும்போது முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"முதுகு வலிக்குதாங்க?"

"ஒரு வாரமாவே பிடிச்சிருக்கு. இன்னிக்குக் கொஞ்சம் கூட. தைலம் எங்க?"

"இன்னிக்கு லீவு போடுங்களேன்."

"மூணாவது மாடி, லிப்ட் கிடையாது. நான் போகலன்னா பசங்க பீரோவப் படியிலயே வச்சு மாலை போட்டுடுவாங்க."

அவள் தைலம் தேய்த்துவிட்டாள். எலும்பு எலும்பாக விரல் ஓடியது. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒரு பெரிய ஓட்டலின் லாண்டரியில் அவளுக்கு வேலை. படுக்கை விரிப்பு மடிப்பது. இரட்டைக் கட்டில் விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. எதிரும் புதிருமாக இருவர் நின்று, முனைகளைப் பிடித்து உதறி, நடந்து வந்து சேர்த்து, மறுபடி விலகிப் போக வேண்டும். எதிரே நிற்பவளுக்கு ஜோடி என்று பெயர். இவளுக்கு மடிப்பக்கா. இவள் மடித்த விரிப்பில் சுருக்கத்தைக் கண்டுபிடித்தவர்கள் இன்னும் பிறக்கவில்லை என்பார்கள். அன்று காலை முதல் விரிப்பிலேயே முனை கோணிப்போனது.

"என்னக்கா, வீட்ல சண்டையா?" என்றாள் ஜோடி.

"சண்டை போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்."

விரிப்பை உதறி நெருங்கும்போது பாதி, விலகிப் போகும்போது மீதி என்று எல்லாவற்றையும் சொன்னாள். ஜோடி தன் முனையை விடாமல் கேட்டாள்.

"இன்னிக்கே சொல்லிடு."

"அந்த அதிர்ச்சியில ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"வயித்துக்குள்ள வெடிக்கறதவிடவா அதிர்ச்சி? நீ என்ன, அவர் ஆயுசையும் சேத்து மடிச்சு அலமாரியில வைக்கப் போறியா?"

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. விரிப்பைப் போட்டுவிட்டு, உலர்த்தும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு அப்பால் போய்க் கணவரின் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"சொல்லிடாதம்மா," என்றார் அவர், முழுதாகக் கேட்கும் முன்பே. "பிரஷர் ஏறிடும். ஞாயித்துக்கிழமை நானே வரேன். நயமா பேசி கூட்டிட்டுப் போலாம்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்குமா மாமா?"

"நான் என்ன டாக்டரா?" என்றார்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். ஆபரேஷன் பிரிவின் நர்ஸ் எடுத்தாள். துடிப்பைச் சொன்னதும் நர்ஸின் குரல் மாறியது. "முதுகு வலியும் இருக்கா? எவ்வளவு நாளா? கடைசியா ஸ்கேன் எப்ப எடுத்தீங்க?" அவள் உண்மையைச் சொன்னாள். "உடனே கூட்டிட்டு வாங்க. நடக்க விடாதீங்க. எதையும் தூக்க மட்டும் விட்டுடாதீங்க."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இந்நேரம் தூக்கியிருப்பார். பாரத்தோடு போனை எடுக்க மாட்டார்.

ஓட்டலின் சீருடைப் புடவையோடு ஓடினாள். ஆட்டோவில் போகும்போது சிக்னல் ஒவ்வொன்றும் அவளுக்காகவே சிவந்தது. அவர் முந்தின நாள் சொல்லியிருந்த கட்டடத்தின் வாசலில் லாரி பாதி காலியாக நின்றது. கட்டில் சட்டங்கள் சுவரில் சாய்ந்திருந்தன. பீரோவைக் காணோம்.

படிக்கட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். முதல் மாடியைத் தாண்டி இரும்பு பீரோ ஒன்று தானாக ஏறிக்கொண்டிருந்தது. அதற்கடியில் இரண்டு கால்கள். கீழிருந்து இரண்டு ஆட்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். கத்தினால் அவர் திரும்புவார். திரும்பினால் பாரம் சாயும். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு படி. நின்று மூச்சு. அடுத்த படி. எத்தனையோ பொய்களைச் சிரமமே இல்லாமல் சொன்னவள், இப்போது ஒரு வார்த்தை பேச முடியாமல், அந்தக் கால்களில் எது நடுங்குகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள். முழங்கையைச் சுவரில் முட்டுக் கொடுத்து, இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவர் பாரத்தை இறக்கிய பிறகுதான் மேலே ஓடினாள்.

அவர் முகம் வெளுத்திருந்தது. அவளைக் கண்டதும் இன்னும் வெளுத்தது. "என்னடி, இங்க வந்து நிக்கற?"

"எனக்கு முடியலங்க," என்றாள். "ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவர் மறு கேள்வி கேட்கவில்லை. பட்டையை அவிழ்த்துப் போட்டார்.

"அண்ணே, பீரோ?" என்றான் கோஷ்டிக்காரன்.

"இங்கயே நிக்கட்டும். அது எங்க ஓடப் போகுது."

பீரோ படியை அடைத்துக்கொண்டு நின்றது. மேல்மாடி அம்மாள் ஒருத்தி காய்கறிக் கூடையோடு இறங்கி வந்து, வழியில்லாமல் திகைத்துப் போய் நின்றாள்.

ஆட்டோவில் அவர் தன் துண்டால் அவளுக்கு விசிறினார். தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். "நெஞ்சு வலிக்குதா? தலை சுத்துதா? காலையில சாப்பிட்டியா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். குழி விழுந்த இடத்தில் ஆட்டோ குலுங்கியபோது அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்ததை அவள் பார்த்தாள். இந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது என்று இதுவரை பயந்தாள். இப்போது, தான் சொல்வதற்குள் போய்விடுவாரோ என்று பயந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் சக்கர நாற்காலியோடு நின்றிருந்தாள். அவர் அதை வாங்கி மனைவியிடம் தள்ளினார். "உக்காரு."

"அது உங்களுக்கு," என்றாள் அவள்.

அவர் நாற்காலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"முதுகு வலிக்கு ஒரு படம் எடுத்துடலாம்னுதான். நேராச் சொன்னா வர மாட்டீங்க."

"அடிப்பாவி." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கா இந்த நாடகம்? பீரோவ நடுவழியில விட்டுட்டு வந்திருக்கேன்." ஆனாலும் உட்கார்ந்தார். வலி அவ்வளவு இருந்தது.

ரத்தம் எடுத்தார்கள். கையில் ஊசிக் குழாய் ஏற்றினார்கள். சி.டி. அறை வாசலில் அவருடைய கடிகாரத்தையும் இடுப்பு பெல்ட்டையும் வாங்கிக்கொண்டு அவள் நின்றாள். உள்ளே பெரிய வளையம் ஒன்று, அதற்குள் போய்வரும் ஒடுக்கமான படுக்கை. படம் எடுக்கும் பெண் சுறுசுறுப்பானவள். வெளியே பெஞ்ச் முழுக்க ஆட்கள் காத்திருந்தார்கள். கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வைக்கச் சொல்லி, ரத்தத்தைப் படத்தில் வெளுப்பாகக் காட்டும் மருந்தின் குழாயை மாட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"ஸ்டென்ட் வச்சவங்க வருஷா வருஷம் வரணுமே சார். ரெண்டு வருஷமா எங்க போனீங்க? கசிவு இருந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் தலையைத் திருப்பினார். மனைவியைப் பார்த்தார். அதற்குள் கனத்த கதவு மூடிக்கொண்டது.

பெஞ்சில் இடமிருந்தும் அவள் உட்காரவில்லை. கடிகாரத்தின் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள். சற்று நேரத்தில் பக்கத்துச் சிறிய கதவு திறந்து படம் எடுக்கும் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அவரோட மனைவி நீங்கதான? சீக்கிரம் உள்ள வாங்க. எழுந்து வரேன்றார்."

கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் திரைகள் இருந்தன. அந்தப் பக்கம் வளையத்துக்கு வெளியே அவருடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. கட்டை விரலில் பழைய காயத்தின் கறுப்பு. பீரோ விழுந்த விரல்.

"மருந்து இல்லாம ஒரு படம், மருந்து ஓடும்போது ஒரு படம், ரெண்டும் ஆயிடுச்சு," என்றாள் அந்தப் பெண் வேகவேகமாக. "மூணாவது பாக்கி. கொஞ்சம் காத்திருந்துதான் எடுக்கணும். பெரிய கசிவு ரெண்டாவதுலயே தெரிஞ்சிடும். மெதுவா ஊறுற கசிவு மூணாவதுலதான் சிக்கும். இப்ப எழுந்துட்டார்னா போச்சு. திரும்ப மருந்து ஏத்த அவர் கிட்னி இடம் கொடுக்காது. நான் சொன்னா கேக்கல. நீங்க பேசுங்க."

அந்தப் பெண்ணே மைக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தாங்க," என்றாள் மனைவி.

ஒலிபெருக்கியில் அவர் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதாகக் கேட்டது. "என்னடி இது? அந்தம்மா கசிவுங்குது. யாருக்குக் கசிவு?"

ஒரு பொய் தயாராக நாக்கு நுனியில் வந்து நின்றது. முதுகெலும்புப் பக்கம் ஏதோ நீர் கோத்திருக்கிறதாம், அதைத்தான் பார்க்கிறார்கள். நல்ல பொய். நம்பிவிடுவார். அவள் அதை விழுங்கினாள்.

"உங்களுக்குக் குணமாகலங்க. குணமாயிடுச்சுன்னு நான்தான் சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லல. குழாய்க்கு வெளிய ரத்தம் கசியலாம், வருஷா வருஷம் பாக்கணும்னுதான் சொன்னார். இன்னிக்குக் காலையில உங்க வயித்துல கை வச்சேன். பழையபடி துடிக்குது."

பாதங்கள் அசையவில்லை. படம் எடுக்கும் பெண் சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?" என்றது ஒலிபெருக்கி.

"தெரியும்."

"வேற யாருக்கு?"

"லாண்டரியில ஜோடிக்கு."

"அவளுக்குமா." கொஞ்சம் மூச்சு வாங்கும் சத்தம். "ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் பீரோ தூக்கத் தெரிஞ்சிருக்கு."

அவள் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கையில் இடமில்லை; ஒரு கையில் கடிகாரம், மறு கையில் பெல்ட். "திட்டணும்னா அப்புறம் எவ்வளவு வேணா திட்டுங்க. இப்ப அசையாதீங்க. ஒரே ஒரு படம்."

"அசையலடி. ரெண்டு கையும் தலைக்கு மேல இருக்கு. இப்படிப் படுத்துக்கிட்டு எவன் திட்டுவான்."

படம் எடுக்கும் பெண் சட்டென்று மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். "மூச்சை நல்லா இழுங்க சார். அப்படியே பிடிங்க."

படுக்கை வளையத்துக்குள் நகர்ந்தது. இவளும் மூச்சை இழுத்துப் பிடித்தாள். விடலாம் என்று சொல்லும்வரை பிடித்திருந்தாள். சொன்ன பிறகும் விட மறந்தாள்.

திரையில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. சாம்பல் வட்டத்துக்குள் வெள்ளை வட்டம். வெள்ளை என்றால் புதுக் குழாய்க்குள் ஓடும் ரத்தம் என்று அவளாகவே புரிந்துகொண்டாள். அந்தப் பெண் இரண்டாவது வரிசையையும் மூன்றாவது வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டாவதில் சாம்பல் சாம்பலாகவே இருந்தது. மூன்றாவதில் அதன் பின்னோரத்தில், குழாய்க்கு வெளியே, பால் சிந்தித் துடைத்த தடமாக ஒரு வெளுப்பு.

அந்தப் பெண் போனை எடுத்து, "சார், கொஞ்சம் உடனே வந்து பாருங்க," என்றாள். பிறகு இவள் பக்கம் திரும்பி, "டாக்டர் வந்து சொல்வார்மா," என்றாள்.

"நான் பாத்துட்டேன்," என்றாள் இவள்.

அவரைத் தள்ளுகட்டிலில் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கடிகாரத்தை நீட்டினாள், வாங்கவில்லை. பெல்ட்டைக் கால்மாட்டில் வைத்தாள். அங்கே கழற்றி வைத்திருந்த அவர் சட்டையின் பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

டாக்டர் வேகமாக வந்தார். கையில் எதுவும் இல்லை. முகத்தில் எல்லாம் இருந்தது. கட்டிலைத் தாண்டி வந்து அவளிடம் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, கொஞ்சம் தனியா வாங்க."

பழகிய கால்கள் அவளைக் கேட்காமலே ஒரு எட்டு வைத்தன. சுவரைப் பார்த்துக் கிடந்தவரின் காது அசைந்ததாக அவளுக்குத் தோன்றியது. அவள் நின்றாள்.

"அவர்கிட்டயே சொல்லுங்க டாக்டர். நான் பக்கத்துல நிக்கிறேன்."

டாக்டர் தயங்கினார். இப்படி ஒரு பதிலுக்கு அவர் பழக்கப்பட்டவர் இல்லை. பிறகு கட்டிலின் அந்தப் பக்கம் போய், சுவருக்கும் நோயாளிக்கும் நடுவில் குனிந்து நின்றார்.

"வச்ச குழாய்ல ஓட்டை இல்ல. ஆனா வீக்கத்துலேந்து பிரியற சின்னக் கிளைக் குழாய் ஒண்ணு வழியா ரத்தம் பின்பக்கமாத் திரும்பி உள்ள வருது. மெதுவாதான் வருது. ஆனா ரொம்ப நாளா வந்திருக்கு. வீக்கம் நல்லா பெரிசாயிடுச்சு. வலியும் வந்துட்டதால இனிமே காத்திருக்க முடியாது. இன்னிக்கே உள்ள போய் அந்த வழிய அடைக்கணும்."

"வெடிச்சிடுமா?"

"வெடிக்கலாம். உள்ள போற நேரத்துலயும் நடக்கலாம். அதுக்கும் தயாராத்தான் போறோம்."

"ஒழுங்கா வருஷா வருஷம் வந்திருந்தா?"

டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். "சின்னதா இருக்கும்போதே பிடிச்சிருக்கலாம்."

அவள் தலையைக் குனியவில்லை. குனிந்தால் அதுவும் ஒரு தப்பித்தல் என்று பட்டது. டாக்டர் உள்ளே போய், தியேட்டரைத் தயார் செய்யச் சொல்லும் சத்தம் கேட்டது.

போன் மறுபடி அடித்தது. அவர் இந்தப் பக்கம் திரும்பி, கையை நீட்டினார். அவள் எடுத்துக் கொடுத்தாள். மறுமுனையில் கோஷ்டிக்காரன் கத்தியது தாழ்வாரத்துக்கே கேட்டது. "அண்ணே, பீரோ திருப்பத்துல மாட்டிக்கிச்சு. மேல் வீட்டம்மா திட்டித் தீக்கறாங்க. எப்ப வரீங்க? அண்ணிக்கு இப்ப எப்படி இருக்கு?"

அவர் அவளைப் பார்த்தார். பொய் சொல்ல எவ்வளவு வசதியான இடம் என்று அவளுக்குத்தானே தெரியும்.

"அண்ணிக்கு ஒண்ணுமில்லடா. எனக்குத்தான். வயித்துல பெரிய ரத்தக் குழாய் பக்கம் கசியுது. இப்ப உள்ள கூட்டிட்டுப் போறாங்க. பிழைப்பேனா தெரியல." மறுமுனையில் விசும்பல் கேட்டது. "டேய், அழாத. நீ அழுதா பீரோ விழும். நான் சொல்றதக் கேளு. கதவு ரெண்டையும் கழட்டு. உள்தட்டையும் உருவு. வெறும் கூட்டை நிமிர்த்திப் பிடிச்சுத் திருப்பு. மொத்தமாத் தூக்கணும்னு எவன் சொன்னான்." ஒரு கணம் நிறுத்தினார். "நான்தான் சொன்னேன். பரவாயில்ல. கழட்டு."

போனை அவளிடம் கொடுத்தார். ஆட்கள் வந்து கட்டிலின் பிரேக்கை விடுவித்தார்கள். சக்கரம் உருளத் தொடங்கியது. அவள் கூடவே நடந்தாள், ஒரு கையைப் போர்வையின் மேல் வைத்தபடி. துணிக்கு அடியிலும் துடிப்பு தெரிந்தது.

"வெளிய வந்து என்ன சொல்றாங்களோ, அத எங்கிட்ட அப்படியே சொல்லணும்," என்றார் அவர், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"சொல்றேங்க."

"அண்ணனக் கேட்டுட்டுச் சொல்றதில்ல."

"கேக்க மாட்டேன்."

"கை பத்திரம்," என்று நர்ஸ் சொன்னாள். அவள் கையை எடுத்தாள். கதவு இரண்டு பக்கமும் விரிந்து, அவரை வாங்கிக்கொண்டு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தபோது அவளுடைய போன் அடித்தது. கணவரின் அண்ணன்.

"என்னம்மா, அவன்கிட்ட எதையும் சொல்லிடலயே?"

"சொல்லிட்டேன் மாமா."

"கேட்டுட்டு என்ன சொன்னான்?"

அவள் மூடிய கதவைப் பார்த்தாள். "கதவைக் கழட்டிட்டுத் தூக்கச் சொன்னார்," என்றாள்.